லாபக் கணக்கில் பரவளையம் என்ன சொல்கிறது?

கேள்வி இது: "இருபடிச் சார்பின் முனை, மூலங்கள், சமச்சீர் அச்சு எல்லாவற்றையும் சூத்திரம் போட்டுக் கண்டுபிடித்துவிடுகிறேன். ஆனால் லாபக் கணக்கில் 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்டால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூலங்களில் ஒன்று குறை எண்ணாக வந்தால் அதைத் தள்ளிவிடலாமா?"

முதலில் ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். கிடை அச்சில் என்ன இருக்கிறது, குத்து அச்சில் என்ன இருக்கிறது என்பதை, கணக்கைத் தொடும் முன்பே ஒரு வரியில் எழுதிவையுங்கள். விலையா, விற்கும் எண்ணிக்கையா, விலையை எத்தனை முறை ஏற்றினோம் என்பதா? லாபமா, வெறும் வருமானமா? இது தெரியாமல் "முனை 60" என்று சொன்னால் அது வெறும் எண். தெரிந்துவிட்டால், பரவளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் வணிகம் பற்றிய ஒரு முழு வாக்கியமாக மாறிவிடும். குறை எண் மூலத்தைத் தள்ளலாமா கூடாதா என்பதற்கான விடையும் இங்கேதான் கிடைக்கிறது.

ஒரே ஒரு வணிகத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதோடேயே போவோம். ஒரு பொருளை விற்கிறோம். அதை ஆக்குவதற்கு ஒன்றுக்கு 20 செலவாகிறது; இதுதான் அடக்கவிலை. ஒன்றுகூட விற்காவிட்டாலும் மாதம் 1400 செலவாகிறது. வாடகை, சம்பளம் போன்றவை, இது நிலைச் செலவு. விலையைப் பொறுத்து வாங்குகிறவர்கள் கூடுவார்கள், குறைவார்கள். விலை வ என்றால் மாதம் 200 − 2வ பொருள்கள் விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம்; இதுதான் தேவைச் சமன்பாடு. அதாவது, விலையை 1 ஏற்றினால் 2 பேர் வாங்காமல் போகிறார்கள். விலை 100-ஐத் தொட்டால் வாங்க ஆளே இல்லை.

ஒரு பொருளில் கிடைக்கும் மிச்சம் வ − 20. அதை விற்ற எண்ணிக்கையால் பெருக்கி, நிலைச் செலவைக் கழித்தால் லாபம் ல:

ல = (வ − 20)(200 − 2வ) − 1400

விரித்தால்:

ல = −2வ² + 240வ − 5400

இருபடி எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். விலை இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. ஒருபக்கம் ஒவ்வொரு விற்பனையிலும் கிடைக்கும் மிச்சத்தைக் கூட்டுகிறது. இன்னொரு பக்கம் விற்பனையின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. இவை இரண்டும் பெருக்கப்படும்போது வ² வருகிறது, அதன் முன்னால் குறைக்குறி வருகிறது. அந்தக் குறைக்குறிதான் பரவளையத்தைக் கீழ்நோக்கித் திறக்கவைக்கிறது. விலை ஏறினால் ஆட்கள் குறைவார்கள் என்ற உண்மையின் கணித வடிவம் அது. அந்த 2 என்ற எண்ணும் "விலை 1 ஏறினால் 2 பேர் குறைவு" என்பதிலிருந்து நேராக வந்தது.

இப்போது முனை, அதாவது வளையத்தின் உச்சிப் புள்ளி. நடு உறுப்பின் கெழு 240-ஐ, வர்க்க உறுப்பின் கெழுவின் இரு மடங்கான −4-ஆல் வகுத்துக் குறியை மாற்றினால் 60. அதைச் சூத்திரத்தில் போட்டால் ல = 1800. முனை (60, 1800). இங்கே பலர் "அதிகபட்ச லாபம் 60" என்று எழுதிவிடுகிறார்கள். முனையின் இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. "என்ன விலை வைக்க வேண்டும்?" என்றால் 60. "அப்படி வைத்தால் மாதம் எவ்வளவு லாபம்?" என்றால் 1800. "எத்தனை பொருள் விற்கும்?" என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வந்தால் முனையில் அதற்கு விடையே கிடையாது; 200 − 2 × 60 = 80 என்று தேவைச் சமன்பாட்டுக்குத் திரும்பிப் போய்த்தான் எடுக்க வேண்டும். எழுதும்போது முழு வாக்கியமாக எழுதுங்கள்: "விலையை 60 என்று வைத்தால், மாதம் 80 பொருள்கள் விற்று, லாபம் தன் உச்சமான 1800-ஐ அடையும்." இப்படி எழுதினால் மதிப்பெண் குறைய வழியில்லை. அதைவிட முக்கியம், தவறு இருந்தால் வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும்.

மூலங்கள் 30, 90. காரணிப்படுத்தினால் ல = −2(வ − 30)(வ − 90). லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற விலைகள் இவை. ஆனால் இரண்டு விலைகளிலும் நடப்பது ஒன்றல்ல. விலை 30-இல் 140 பொருள்கள் விற்கின்றன; கூட்டம் இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கு 10 மட்டுமே மிஞ்சுகிறது, 140 × 10 = 1400, நிலைச் செலவுக்குச் சரியாகப் போய்விடுகிறது. விலை 90-இல் 20 பேர்தான் வாங்குகிறார்கள்; ஒன்றுக்கு 70 மிஞ்சுகிறது, 20 × 70 = 1400, அதுவும் நிலைச் செலவோடு சரி. 30-க்குக் கீழே போனால் மலிவாக விற்றே கையைக் கடிக்கும். 90-க்கு மேலே போனால் ஆள் இல்லாமல் கையைக் கடிக்கும். "சமன்புள்ளிகள் 30, 90" என்று மட்டும் எழுதுவதைவிட, இடையில் உள்ள 30 < வ < 90 என்ற இடைவெளியில்தான் வணிகம் கட்டுபடியாகும் என்று எழுதுவது முழுமையான விடை.

மாறிலி −5400. இதைப் பார்த்ததும் "நிலைச் செலவு 5400" என்று எழுதுவது மிகப் பொதுவான தவறு. நிலைச் செலவு 1400 என்று நாமே வைத்துக்கொண்டோம். பிறகு 5400 எங்கிருந்து வந்தது? வ = 0 என்று போட்டுப் பாருங்கள். விலை பூச்சியம் என்றால் இலவசமாகக் கொடுக்கிறோம். 200 பேர் வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நம் அடக்கம் 20, ஆக 4000. அதோடு நிலைச் செலவு 1400. மொத்த நட்டம் 5400. கிடை அச்சில் விலை இருக்கும்போது குத்து அச்சை வளையம் வெட்டும் இடத்துக்கு இதுதான் பொருள். யாரும் இலவசமாக விற்கப்போவதில்லை என்பதால் நடைமுறையில் அது பெரிய செய்தியில்லை, ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில் குழப்பம் கூடாது.

இதே வணிகத்தை வேறு அச்சில் எழுதிப் பார்ப்போம். விற்கும் எண்ணிக்கையை எ என்று எடுத்துக்கொண்டால், விலை 100 − எ/2. லாபம்:

ல = −½எ² + 80எ − 1400

முனை (80, 1800). மூலங்கள் 20, 140. மாறிலி −1400. இப்போது மாறிலி உண்மையிலேயே நிலைச் செலவுதான், ஏனென்றால் எ = 0 என்றால் ஒன்றும் ஆக்கவில்லை, ஒன்றும் விற்கவில்லை, போனது வாடகையும் சம்பளமும் மட்டும். முனையின் முதல் எண் 80, அது விலை அல்ல, எண்ணிக்கை. உச்ச லாபம் மட்டும் மாறவில்லை, அதே 1800. அது வணிகத்தின் பண்பு, நாம் எந்த அச்சில் எழுதினோம் என்பதைப் பொறுத்தது அல்ல. மூலங்களும் அதே இரண்டு நிலைமைகள்தான், வரிசை மட்டும் தலைகீழ்: 20 பொருள்கள் என்பது விலை 90, 140 பொருள்கள் என்பது விலை 30.

மூன்றாவது அச்சு ஒன்று உண்டு. பாடப்புத்தகக் கணக்குகள் அதிகம் விரும்புவது இதைத்தான். "இப்போது விலை 40, மாதம் 120 விற்கிறது. விலையை ஒவ்வொரு முறை 5 ஏற்றும்போதும் விற்பனை 10 குறைகிறது" என்று வரும். நம் வணிகமேதான் இது; 200 − 2 × 40 = 120 என்று சரிபார்த்துக்கொள்ளலாம். இங்கே மாறி என்பது ஏற்றும் முறைகளின் எண்ணிக்கை, ப என்போம். விலை 40 + 5ப, விற்பனை 120 − 10ப, ஒன்றில் மிச்சம் 20 + 5ப.

ல = (20 + 5ப)(120 − 10ப) − 1400
ல = −50ப² + 400ப + 1000

முனை (4, 1800). "சிறந்த விலை 4" என்று எழுதிவிடாதீர்கள். நான்கு முறை ஏற்ற வேண்டும், ஆக விலை 40 + 5 × 4 = 60. மாறிலி இப்போது +1000; விலையை இன்னும் தொடவில்லை என்ற நிலையில் வரும் லாபம், அதாவது இன்றைய லாபம். ஒரே வணிகத்துக்கு மூன்று சூத்திரங்கள், மூன்று மாறிலிகள்: −5400, −1400, +1000. மூன்றும் சரி, மூன்றுக்கும் வெவ்வேறு பொருள்.

கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. இந்தச் சூத்திரத்தின் மூலங்கள் 10, −2. குறை எண் வந்துவிட்டதே என்று −2-ஐ அடித்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஆனால் ப = −2 என்றால் விலையை இரண்டு முறை இறக்குவது; 40 − 10 = 30. முன்பு பார்த்த அதே கீழ்ச் சமன்புள்ளி. அதைத் தூக்கிப் போட்டால், விலையை எவ்வளவு தூரம் இறக்கலாம் என்ற பயனுள்ள செய்தியையே தூக்கிப் போட்டதாகிவிடும். எ என்ற அச்சில் மூலம் −2 என்று வந்திருந்தால், குறை எண்ணிக்கையில் பொருள் விற்க முடியாது என்பதால் அதைத் தள்ளுவது சரி. ஆகவே குறை எண் என்பதற்காகத் தள்ளாதீர்கள். அந்த அச்சில் அந்த எண் நடக்கக்கூடியதா என்று கேட்டுவிட்டுத் தள்ளுங்கள்.

வருமானத்தையும் லாபத்தையும் கலந்துவிடுவது அடுத்த பெரிய சறுக்கல். வருமானம் வ(200 − 2வ). அதன் மூலங்கள் 0, 100; முனை வ = 50-இல், மதிப்பு 5000. விலை 50 வைத்தால் கல்லாவில் அதிகப் பணம் விழும், அது உண்மை. ஆனால் அங்கே 100 பொருள்களை ஆக்க வேண்டும்: 2000 அடக்கம், 1400 நிலைச் செலவு, கையில் மிஞ்சுவது 1600. விலை 60-இல் வருமானம் 4800-தான், ஆனால் ஆக்கச் செலவு 1600, நிலைச் செலவு 1400, மிச்சம் 1800. வருமானம் 200 குறைந்தும் லாபம் 200 கூடியிருக்கிறது. விற்பனைத் தொகையை மட்டும் பார்த்து வணிகம் நன்றாகப் போகிறது என்று சொல்வதில் உள்ள ஆபத்து இந்த இரண்டு வரியில் முழுசாகத் தெரிகிறது.

வருமானத்தின் முனையும் லாபத்தின் முனையும் ஒரே விலையில் விழுவது எப்போது? ஒரு பொருளின் அடக்கம் பூச்சியமாக இருக்கும்போது. 1838-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் அந்துவான் ஒகுஸ்தேன் கூர்னோ இந்தச் சிக்கலை இப்படித்தான் தொடங்கினார். கனிம நீரூற்று ஒன்று ஒருவருக்கு மட்டும் சொந்தம்; தண்ணீரை எடுக்கச் செலவில்லை; அவர் என்ன விலை வைப்பார்? விலையையும் விற்பனையையும் பெருக்கி வரும் தொகை உச்சமாகும் விலையை. செலவைச் சேர்த்த கணக்கை அதற்குப் பிறகே எடுத்துக்கொண்டார். கற்பிக்கிறவர்கள் இந்த வரிசையையே பின்பற்றலாம். முதலில் வருமானம், பிறகு அடக்கம் உள்ளே வரும்போது முனை எங்கே நகர்கிறது என்று காட்டுவது.

அடக்கம் உள்ளே வந்தால் முனை எங்கே நகரும்? நிலைச் செலவைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு (வ − 20)(200 − 2வ) என்பதை மட்டும் பாருங்கள். மூலங்கள் 20, 100. ஒன்று அடக்கவிலை, மற்றது ஆள் முழுவதும் நின்றுபோகும் விலை. பரவளையம் சமச்சீரானது, ஆகவே உச்சி இரண்டுக்கும் நட்டநடுவில், 60-இல். எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகப் பிடித்த இடம் இது. தேவை நேர்கோடாக இருக்கும்வரை, சிறந்த விலை என்பது அடக்கவிலைக்கும் ஆள் நின்றுபோகும் விலைக்கும் நடுப்புள்ளி. சூத்திரமே வேண்டாம்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன, இரண்டும் முதலில் கேட்கும்போது நம்பமுடியாதவை.

முதலாவது, நிலைச் செலவு ஏறினால் சிறந்த விலை மாறாது. வாடகை ஏறி 1400 என்பது 2400 ஆகிவிட்டது என்று வையுங்கள். பரவளையம் முழுவதும் 1000 கீழே இறங்குகிறது. இடமோ வலமோ நகரவில்லை. முனை (60, 800). மூலங்கள் 30, 90 என்பது 40, 80 என்று உள்ளே நெருங்கிவிட்டது. லாபம் குறைந்தது, பிழைக்கும் இடைவெளி சுருங்கியது, ஆனால் வைக்க வேண்டிய விலை இன்னும் 60-தான். "வாடகை ஏறிவிட்டது, அதனால் விலையை ஏற்ற வேண்டும்" என்ற பேச்சு எல்லோருக்கும் நியாயமாகப் படும். ஏற்கெனவே உச்சியில் இருப்பவர் அப்படி ஏற்றினால், வாடகையில் போனதோடு உச்சியிலிருந்து இறங்கியதாலும் இழப்பார். உச்சிக்கு இடப்பக்கம் இருந்தவருக்கு வாடகை உயர்வு ஒரு சாக்காக அமைந்து விலையை ஏற்றவைக்கலாம், அது நன்மையாகவும் முடியலாம். ஆனால் அதற்குக் காரணம் வாடகை அல்ல, முதலிலிருந்தே விலை குறைவாக வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, அடக்கவிலை ஏறினால் அந்த ஏற்றத்தில் பாதிதான் விலையில் ஏற வேண்டும். அடக்கம் 20-லிருந்து 28 ஆகிறது. நடுப்புள்ளி (28 + 100)/2 = 64. ஏறியது 8, விலையில் ஏற்ற வேண்டியது 4. லாபம் 36 × 72 − 1400 = 1192. எட்டையும் அப்படியே வாங்குகிறவர் தலையில் கட்டி 68 என்று வைத்தால்? 40 × 64 − 1400 = 1160. எதுவும் செய்யாமல் 60-லேயே விட்டால்? 32 × 80 − 1400 = 1160. இரண்டும் ஒன்றே! 64-இலிருந்து இரண்டும் 4 தூரத்தில் இருக்கின்றன, சமச்சீர் அச்சு தன் வேலையைச் செய்துவிட்டது.

சமச்சீர் அச்சைப் பலர் வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு என்ற அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். வணிகத்தில் அதற்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உச்சியிலிருந்து ஒரே தூரத்தில் இருபுறமும் உள்ள விலைகள் ஒரே லாபம் தரும். நம் முதல் கணக்கில் விலை 50-உம் 70-உம் 1600 தருகின்றன. ஆனால் 50-இல் 100 பொருள்களை ஆக்கி விற்க வேண்டும், 70-இல் 60 போதும். லாபம் ஒன்றே என்றாலும் உழைப்பு ஒன்றல்ல, வாடிக்கையாளர் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஆட்களைப் பெருக்க நினைப்பவர் 50-ஐத் தேர்வார். கைக்கு அடக்கமாக நடத்த நினைப்பவர் 70-ஐ. எது நல்லது என்று பரவளையம் சொல்லாது; இரண்டும் ஒரே உயரம் என்று மட்டும் சொல்லும். இன்னொரு பயனும் உண்டு: இரண்டு விலைகளில் ஒரே லாபம் வந்தது என்று கணக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்தால், வேறு எதுவும் தெரியாமலேயே நடுப்புள்ளியை எடுத்துச் சிறந்த விலையைச் சொல்லிவிடலாம்.

அடுத்து, உச்சியைச் சுற்றி வளையம் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பது. பாடங்களில் இதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. எனக்கோ, விலை வைக்கிறவருக்கு மிகவும் பயன்படுவது இதுதான் என்று தோன்றுகிறது. வர்க்கப் பூர்த்தி செய்து எழுதுவோம்:

ல = 1800 − 2(வ − 60)²

இந்த வடிவத்தைச் சத்தமாகப் படியுங்கள்: "1800 கிடைக்க வேண்டியது, அதில் 60-லிருந்து விலகிய தூரத்தின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு பறிபோகிறது." விலை 63 அல்லது 57 என்றால் விலகல் 3, இழப்பு 18. 1800-இல் 18 என்பது 1 சதவீதம். விலையில் 5 சதவீதம் பிசகியும் லாபத்தில் போனது 1 சதவீதம் மட்டுமே. விலகல் 10 என்றால் இழப்பு 200. விலகல் 15 என்றால் 450, லாபத்தில் கால்வாசி. விலகல் 30 என்றால் 1800 முழுவதும் போய்ச் சமன்புள்ளியில் நிற்கிறோம். விலகல் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு.

சுருக்கமான விதி ஒன்று இதிலிருந்து வருகிறது. உச்சியிலிருந்து ஒரு மூலம்வரை உள்ள தூரத்தைப் பாதி அகலம் என்போம், இங்கே 30. விலகலைப் பாதி அகலத்தால் வகுத்து வர்க்கப்படுத்தினால், உச்ச லாபத்தில் எந்தப் பங்கு போகிறது என்று தெரிந்துவிடும். விலகல் 3 என்றால் பத்தில் ஒன்று, வர்க்கம் நூறில் ஒன்று. நிலைச் செலவு 2400 ஆக ஏறிய கணக்கில் பாதி அகலம் 20 ஆகக் குறைந்துவிட்டது. அங்கே அதே 3 விலகலுக்கு 2.25 சதவீதம் போகும். மூலங்கள் நெருங்க நெருங்க, விலையில் செய்யும் பிழைக்கு மன்னிப்புக் குறைகிறது. மூலங்களுக்கு இடையிலான தூரத்தை "வணிகத்தின் பொறுமை" என்றே படிக்கலாம்.

நடைமுறையில் இதன் பொருள் பெரிது. சிறந்த விலை 60.37 என்று கணக்கு சொன்னால், 60 என்று வைப்பதில் பயமே வேண்டாம். தேவைக் கோட்டைச் சரியாக மதிப்பிட முடியவில்லை என்றாலும் உச்சிக்கு அருகில் இருந்தால் போதும். ஆனால் தூரமாக இருப்பவருக்கு ஒவ்வொரு அடியும் நிறையக் கொடுக்கும்: விலை 40-லிருந்து 50-க்குப் போனால் லாபம் 600 கூடுகிறது, 50-லிருந்து 60-க்கு 200 மட்டுமே, 60-லிருந்து 70-க்கு 200 குறைகிறது. சராசரி மாறுவீதம் என்று பாடத்தில் வரும் பகுதி இதைத்தான் சொல்கிறது. அதைப் படிக்கும்போது அலகோடு படியுங்கள்: "40-க்கும் 50-க்கும் இடையில், விலையை 1 ஏற்றினால் சராசரியாக 60 லாபம் கூடுகிறது." கூர்னோவும் ஏறக்குறைய இந்த இடத்துக்கே வந்து நின்றார். உச்சியின் சரியான இடம் தெரியாவிட்டாலும், நடப்பு விலை அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முக்கியப் பொருள்களை இரண்டாகப் பிரித்துச் சொல்லவாவது வணிகப் புள்ளிவிவரங்கள் உதவ வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

சரி, சூத்திரத்தை எதுவரை நம்பலாம்? விலை 110 என்று போட்டால் சூத்திரம் −3200 என்கிறது. அது பொய். விலை 110-இல் விற்பனை −20 என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் விற்பனை பூச்சியம், நட்டம் நிலைச் செலவான 1400 மட்டும். 100-க்கு அப்பால் பரவளையத்தை அழித்துவிட்டு −1400-இல் ஒரு கிடைக்கோடு போட வேண்டும். மதிப்பகத்தை, அதாவது மாறி எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை போகலாம் என்பதை, எழுதச் சொல்வது இதற்காகத்தான். 0 முதல் 100 வரை.

மதிப்பகம் இன்னொரு வகையிலும் விடையையே மாற்றிவிடும். மாதம் 60 பொருள்களுக்கு மேல் ஆக்க முடியாது என்று வையுங்கள். எண்ணிக்கை அச்சில் முனை 80-இல் இருக்கிறது, நமக்கு அங்கே போக வழியில்லை. அப்போது விடை முனை அல்ல, எல்லை: 60 பொருள்கள், விலை 70, லாபம் 1600. முனையைக் கண்டுபிடித்ததும் அப்படியே எழுதிவிட்டு வருகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். அதேபோல், பொருள்களை 25, 25-ஆகத்தான் ஆக்க முடியும் என்றால் 75, 100 இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும். 80-க்கு அருகில் இருப்பது 75. அதில் இழப்பு ½ × 25 = 12.5; 100-இல் ½ × 400 = 200. முனைக்கு எது பக்கமோ அதுவே சிறந்தது, ஏனென்றால் இருபுறமும் ஒரே வேகத்தில்தான் இறங்குகிறது.

கடைசியாக, மூலமே இல்லாத நிலைமை. நிலைச் செலவு 3400 என்று வையுங்கள். ல = −2(வ − 60)² − 200. முனை (60, −200), பரவளையம் முழுவதும் கிடை அச்சுக்குக் கீழே. தன்மைக்காட்டி (மூலச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் b² − 4ac) குறை எண், மெய் மூலங்கள் இல்லை. இதை "விடை இல்லை" என்று எழுதாதீர்கள். விடை தெளிவாகவே இருக்கிறது: எந்த விலை வைத்தாலும் நட்டம் தவிர்க்க முடியாது, மிகக் குறைந்த நட்டம் 200, அது விலை 60-இல். எல்லைக்கோடு எங்கே என்றும் சொல்லலாம். நிலைச் செலவு 3200 வரை இருந்தால் தாங்கும், சரியாக 3200-இல் இரண்டு மூலங்களும் 60-லேயே ஒன்றாகிவிடும், ஒரே ஒரு விலையில் மட்டும் தலை தண்ணீருக்கு மேல் நிற்கும்.

அப்படியானால் வணிகத்தை மூடிவிடலாமா? அந்த 3400-இன் தன்மையைப் பொறுத்தது. மூடினால் அந்தச் செலவு நின்றுவிடும் என்றால் மூடுவதில் 200 மிச்சம். ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, மூடினாலும் 3400 கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மூடுகிறவர் 3400 இழப்பார், 60-க்கு விற்றுக்கொண்டே இருப்பவர் 200-தான் இழப்பார். ஒப்பந்தம் முடியும்வரை நட்டத்தோடு நடத்துவதே அவருக்கு லாபம், அதுவும் அதே 60 என்ற விலையில்.